பிழை திருத்துவதும் திருத்தத்தை ஏற்பதும்: நம் வான்நோக்கல் குழுவுக்கு என்ன நடைமுறை?

#1 வடமீன்

நம் குழுவில் ஒருவர் பிழையை இன்னொருவர் திருத்தும் முறை பற்றிக் கொஞ்சம் வெளிப்படையாகப் பேசலாம் என்று இந்த இழையைத் தொடங்குகிறேன். ஒரே வாரத்தில் நடந்த இரண்டு விஷயங்கள்தான் காரணம்.

புதிதாகச் சேர்ந்த ஒருவர், தொலைநோக்கியின் ஐபீஸில் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ்) கைபேசியை வைத்து எடுத்த படத்தைப் போட்டு, "சனியும் அதன் நான்கு நிலவுகளும்" என்று எழுதியிருந்தார். படத்தில் இருந்தது வியாழன். வளையம் இல்லாத ஒரு சிறிய வட்டு, அதையொட்டி ஏறக்குறைய ஒரே கோட்டில் நான்கு புள்ளிகள். முதலில் வந்தவர் அதைச் சரியாகச் சொல்லிவிட்டார். விஷயம் அங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் பின்னாலேயே பத்துப் பதினைந்து பேர் வரிசையாக வந்து அதையே திரும்பச் சொன்னார்கள். "அடிப்படை தெரியாமல் படம் போடலாமா" என்றும் ஒருவர் கேட்டிருந்தார். அந்தப் புதியவர் அதற்குப் பிறகு இங்கே எதுவும் எழுதவில்லை.

அதே வாரத்தில் இன்னொருவர், பழைய சிறிய தொலைநோக்கியோடு வந்த சூரிய ஃபில்டரை ஐபீஸில் திருகிச் சூரியனைப் பார்க்கப்போவதாக எழுதினார். அதற்கு ஏறக்குறைய ஒரு நாள் முழுக்க யாரும் மறுப்புச் சொல்லவில்லை. அவர் நீண்டகால உறுப்பினர், எல்லோரும் மதிக்கும் ஆள். அவரிடம் எப்படிச் சொல்வது என்று தயங்கியதாகப் பிறகு சிலர் தனியாகச் சொன்னார்கள்.

ஒரு கிரகத்தின் பெயரை மாற்றிச் சொன்னவரைச் சூழ்ந்துகொண்டோம். கண்ணை இழக்கக்கூடிய செயலுக்கு வாய்மூடி இருந்தோம். இது தலைகீழாக இருக்கிறது. எதை உடனே திருத்த வேண்டும், எதை விட்டுவிடலாம், எப்படிச் சொல்வது, சொல்லப்பட்டவர் எப்படி எடுத்துக்கொள்வது? எல்லோரும் மனம்விட்டு எழுதுங்கள்.

#2 கரும்புள்ளி

வடமீன் எழுதிய இரண்டாவது விஷயத்தைப் பற்றி மட்டும் முதலில் சொல்கிறேன். சூரியன் என்று வந்துவிட்டால் மற்ற நயமெல்லாம் அப்புறம்தான்.

ஐபீஸில் திருகும் சூரிய ஃபில்டர் ஏன் ஆபத்து என்பதைத் தெரியாதவர்களுக்காக எழுதிவிடுகிறேன். தொலைநோக்கி முழுவதும் சேகரித்த ஒளியும் வெப்பமும் குவிந்து வரும் இடத்தில்தான் அந்தச் சிறு கண்ணாடி உட்காருகிறது. சூடேறி அது எந்த நொடியிலும் விரிசல் விடலாம். அந்த நொடியில் நம் கண் அதன் பின்னால் இருக்கும். விழித்திரையில் வலியை உணரும் நரம்புகள் இல்லை, அதனால் சுடுவது தெரியாது. பார்வையில் ஓட்டை விழுந்த பிறகுதான் தெரியும். பாதுகாப்பான ஃபில்டர் தொலைநோக்கியின் முன்வாயை முழுவதுமாக மூடும்படி, காற்றுக்குக் கழன்றுவிடாதபடி பொருத்தப்பட வேண்டும். ஒளி உள்ளே நுழைவதற்கு முன்பே அது குறைந்துவிட வேண்டும். ஃபைண்டரையும் (குறிபார்க்கப் பக்கத்தில் இருக்கும் சிறு தொலைநோக்கி) மூட வேண்டும், இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். இன்னொன்று: ஐஎஸ்ஓ 12312-2 என்ற பாதுகாப்புத் தர எண் அச்சிட்ட கிரகணக் கண்ணாடி வெறுங்கண்ணால் பார்ப்பதற்கு மட்டும்தான். அதைப் போட்டுக்கொண்டு பைனாக்குலர் வழியாகவோ தொலைநோக்கி வழியாகவோ சூரியனைப் பார்க்கக் கூடாது.

இப்படியான பதிவைக் கண்டால், எழுதியவர் குழுவில் எவ்வளவு மூத்தவராக இருந்தாலும் பொதுவிலேயே, முதல் வரியிலேயே சொல்லுங்கள். "நல்ல பதிவு, ஆனால் ஒரு சின்னச் சந்தேகம்" என்று தொடங்காதீர்கள். அவசரமாகப் படிப்பவர் அந்த முதல் பாதியை மட்டும் படித்துவிட்டுப் போய்விடுவார். "தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். ஐபீஸ் ஃபில்டர் வெப்பத்தில் உடையும், கண் போய்விடும். முன்வாயில் பொருத்தும் ஃபில்டர் இல்லாமல் சூரியன் பக்கம் திருப்ப வேண்டாம்" என்று மூன்று வரி போதும். இதில் கடுமை இருக்கிறது, அவமரியாதை இல்லை.

இந்த ஒரு விஷயத்தில் மட்டும், வேறு ஒருவர் ஏற்கனவே சொல்லியிருந்தாலும் நீங்களும் சொல்லுங்கள்.

#3 மூன்றாம்பிறை

எனக்கு இந்தப் பொழுதுபோக்கு புதிது. அதனால் திருத்தப்படுபவர் பக்கத்திலிருந்து எழுதுகிறேன்.

முதல் படம் போடும்போது தெரிந்ததைக் காட்டிக்கொள்ள யாரும் போடுவதில்லை அண்ணா. பார்த்த சந்தோஷத்தை யாரிடமாவது சொல்ல வேண்டும் என்றுதான் போடுகிறோம். வீட்டில் சொன்னால் "ஒரு புள்ளிதானே" என்பார்கள். இங்கே புரிந்துகொள்வார்கள் என்று வருகிறோம். அந்தப் படத்தில் நான்கு நிலவுகளும் தனித்தனியாகத் தெரிந்தன. கைபேசியைக் கையால் பிடித்து அப்படி எடுப்பது எவ்வளவு கஷ்டம் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். ஒருவர்கூட அதைச் சொல்லவில்லையே.

கலிலியோ 1610 ஜனவரி 7 அன்று வியாழனுக்குப் பக்கத்தில் மூன்று புள்ளிகளைப் பார்த்தபோது அவற்றை நட்சத்திரங்கள் என்றுதான் எடுத்துக்கொண்டார். அடுத்தடுத்த இரவுகளில் அவை இடம் மாறியதைக் குறித்துவைத்துத்தான் அவை வியாழனைச் சுற்றுகின்றன என்று கண்டுகொண்டார். அந்தப் புதியவரிடம் "நாளைக்கும் இதே நேரத்தில் ஒரு படம் எடுங்கள், புள்ளிகள் இடம் மாறியிருக்கும்" என்று ஒருவர் சொல்லியிருந்தால் அவர் அடுத்த நாளும் வந்திருப்பார்.

என் யோசனை: ஆபத்து இல்லாத பிழை என்றால் தனிச்செய்தியில் சொல்லுங்கள். அவரே திருத்திக்கொள்வார். பொதுவில் சொல்ல வேண்டிய தேவை என்ன?

#4 துருவன்

மூன்றாம்பிறை, புதியவரின் மனநிலை பற்றி நீங்கள் எழுதியதை அப்படியே ஏற்கிறேன். தனிச்செய்தி யோசனையில்தான் உடன்பாடில்லை.

தனிச்செய்தியில் திருத்தினால் அதை ஒருவர் மட்டுமே அறிவார். பதிவைப் படித்த மற்றவர்கள் தவறான தகவலோடு போய்விடுவார்கள். அவர் திருத்தாமல் விட்டுவிட்டால் பிழை அங்கேயே நிற்கும். அதைவிட, திருத்துபவர் சொல்வது தவறாக இருந்தால் தனிச்செய்தியில் அதைப் பார்த்துச் சொல்ல யாரும் இல்லை. மூத்தவர் சொல்லிவிட்டாரே என்று புதியவர் சரியானதை அழித்துவிட்டுத் தவறானதை எழுதுவார்.

செவ்வாய் விஷயத்தைப் பாருங்கள். "ஆகஸ்ட் 27 அன்று செவ்வாய் முழுநிலவு அளவுக்குத் தெரியும்" என்ற செய்தி ஆண்டுதோறும் சுற்றுகிறது. 2003 ஆகஸ்ட் 27 அன்று செவ்வாய் உண்மையிலேயே பூமிக்கு மிக அருகில், சுமார் 5.6 கோடி கிலோமீட்டர் தூரத்தில் வந்தது. ஏறக்குறைய 60,000 ஆண்டுகளில் அவ்வளவு நெருங்கியதில்லை. அப்போது பரவிய மின்னஞ்சலில், 75 மடங்கு உருப்பெருக்கத்தில் பார்த்தால் வெறுங்கண்ணுக்குத் தெரியும் முழுநிலவு அளவுக்கு இருக்கும் என்று இருந்தது. கணக்குச் சரிதான்: செவ்வாயின் தோற்ற விட்டம் அன்று சுமார் 25 ஆர்க் செகண்ட் (ஒரு டிகிரியில் 3,600-இல் ஒரு பங்கு ஒரு ஆர்க் செகண்ட்). அதை 75-ஆல் பெருக்கினால் 1,875. நிலவு சுமார் 1,760-லிருந்து 2,010 வரை. கைமாறிக் கைமாறி 75 மடங்கு என்ற பகுதி உதிர்ந்துபோனது, ஆண்டும் உதிர்ந்துபோனது.

இதை நம் குழுவில் யாராவது பகிரும்போது "பொய்ச்செய்தி, பரப்பாதீர்கள்" என்று மட்டும் எழுதினால் பகிர்ந்தவருக்கு அவமானம், படிப்பவருக்கு ஒன்றும் கிடைப்பதில்லை. அது எங்கிருந்து வந்தது, எந்தப் பகுதி உண்மை, எங்கே திரிந்தது என்று எழுதினால் பகிர்ந்தவரும் "ஓ, இதற்குப் பின்னால் ஒரு நிஜக் கணக்கு இருக்கிறதா" என்று ஆர்வமாகிறார். அடுத்த முறை அவரே வேறு இடத்தில் விளக்குகிறார். இதெல்லாம் பொதுவில் எழுதினால்தான் நடக்கும்.

தனிச்செய்திக்கு உரியவை சில உண்டு. எழுத்துப்பிழை, தட்டச்சுப்பிழை, படத்தில் வீட்டு முகவரி தெரிவது. அவற்றைப் பொதுவில் சொல்லவே கூடாது.

#5 மூன்றாம்பிறை

சரி, திருத்துபவரே தவறாக இருக்கலாம் என்ற கோணம் எனக்குத் தோன்றவில்லை. அதை ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் பொதுவில் ஒருவர், ஒரே முறை. பின்னால் வருபவர்கள் புதிதாகச் சேர்க்க ஏதாவது இருந்தால் மட்டும் எழுதட்டும். ஏற்கனவே வந்திருக்கும் பதில்களைப் படித்துவிட்டு எழுத அரை நிமிடம் போதும். இதற்காவது எல்லோரும் சம்மதிப்பீர்களா?

#6 கரும்புள்ளி

முழுச் சம்மதம். முதல் திருத்தம் சரியென்று தோன்றினால் அதற்கு ஒரு விருப்பக்குறி இட்டுவிட்டுப் போகலாம்.

#7 வளையம்

துருவன் சொன்னதற்கு நம் குழுவிலேயே நடந்த ஒன்று சாட்சி. சனிக்கு 274 நிலவுகள் என்று ஒரு பள்ளி மாணவர் எழுதியிருந்தார். ஒருவர் வந்து "தவறு, 82" என்றார். தன்னிடம் உள்ள நல்ல புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது என்றார். மாணவர் உடனே மன்னிப்புக் கேட்டு எண்ணை மாற்றிவிட்டார்.

மாணவர் எழுதியதுதான் சரி. 2019-இல் 20 புதிய நிலவுகள் அறிவிக்கப்பட்டபோது சனியின் கணக்கு 82. 2023 தொடக்கத்தில் வியாழன் 92 என்று முந்திப் போனது. அதே ஆண்டு மே மாதத்தில் சனி 145-ஐ எட்டி, பிறகு 146 ஆனது. 2025 மார்ச்சில் மேலும் 128 நிலவுகளைச் சர்வதேச வானியல் ஒன்றியம் ஏற்றுக்கொண்டபோது மொத்தம் 274 ஆனது. புத்தகம் அச்சான காலத்தில் அதில் இருந்ததும் சரிதான். திருத்தியவர் தன் ஆதாரத்தின் ஆண்டைப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

இதில் எனக்கு அதிகம் வலித்தது அந்த மாணவர் அவ்வளவு சீக்கிரம் பணிந்துபோனது. "எங்கே படித்தீர்கள் ஐயா, நான் இங்கே படித்தேன்" என்று கேட்கும் துணிவு அவருக்கு இருந்திருக்க வேண்டும். அந்தத் துணிவைக் கொடுப்பது நம் பொறுப்பு. "தவறு" என்று தொடங்குவதற்குப் பதிலாக "நான் பார்த்த 2020 பதிப்பில் 82 என்று இருக்கிறது, உங்கள் எண் எங்கிருந்து?" என்று கேட்டிருந்தால் திருத்தியவருக்கும் புதிதாக ஒன்று தெரிந்திருக்கும்.

ஆகவே என் வேண்டுகோள்: திருத்தம் சொல்பவர் எதை வைத்துச் சொல்கிறார் என்பதையும் அது எந்த ஆண்டைச் சேர்ந்தது என்பதையும் சேர்த்தே எழுதட்டும். "எங்கோ படித்த ஞாபகம்" என்றால் அதையும் அப்படியே சொல்லிவிடட்டும். செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டு வந்த பதிலை அப்படியே ஒட்டுவது ஆதாரம் ஆகாது. அது சொன்னதை வேறு இடத்தில் சரிபார்த்துவிட்டு அந்த இடத்தைக் குறிப்பிடுங்கள்.

#8 பழைய அட்டவணை

நண்பர்களே, திருத்தம் என்பது இந்தத் துறையில் இடையில் வந்த தொந்தரவு அல்ல. இதன் வரலாறே அப்படித்தான் நகர்ந்திருக்கிறது. 1781 மார்ச் என்ற ஒரே மாதத்திலிருந்து இரண்டு விஷயங்கள் சொல்கிறேன், நமக்கு நேரடியாகப் பயன்படும்.

மார்ச் 13 அன்று வில்லியம் ஹெர்ஷல் வானில் ஒரு பொருளைக் கண்டு, அதை வால்மீன் என்று அறிவித்தார். அப்போது அவர் இசைத் தொழிலில் இருந்தவர், வானியல் அவருக்கு விருப்பப் பணி. அது வால்மீன் அல்ல, ஒரு கிரகம். இன்று யுரேனஸ் என்கிறோம். அவர் சொன்ன பெயர் தவறு, ஆனால் எங்கே, எப்போது, எப்படி நகர்ந்தது என்று அளந்து எழுதியிருந்தார். அதனால்தான் மற்றவர்களால் தேடிப் பார்க்க முடிந்தது. லெக்ஸல் என்ற வானியலாளர் அதன் பாதையைக் கணக்கிட்டு, ஏறக்குறைய வட்டமான சுற்றுப்பாதை என்று காட்டினார். ஹெர்ஷலும் அதை ஏற்றுக்கொண்டார். அவருடைய பெருமை குறைந்ததா? யுரேனஸைக் கண்டவர் என்றுதான் இன்றும் சொல்கிறோம்.

அதே மாதம் 18-ஆம் தேதி சார்ல் மெஸ்ஸியே என்ற பிரெஞ்சு வானியலாளர், வால்மீன்போல மங்கலாகத் தெரியும் பொருள்களுக்கான தன் அட்டவணையில் எம்91 (அதாவது 91-ஆவது) என்று ஒரு பொருளைச் சேர்த்தார். அவர் குறித்த இடத்தில் தேடினால் ஒன்றும் இல்லை. பல தலைமுறைகள் அதைக் காணாமல்போன பொருள் என்றே வைத்திருந்தார்கள். 1969-இல் டபிள்யூ. சி. வில்லியம்ஸ் என்ற அமெச்சூர் வானியலாளர்தான் விடை சொன்னார். மெஸ்ஸியே எம்89-இலிருந்து அளந்ததாக நினைத்துக்கொண்டு எம்58-இலிருந்து அளந்திருக்கிறார். அதே அளவை எம்58-இலிருந்து போட்டுப் பார்த்தால் என்ஜிசி 4548 (என்ஜிசி பின்னாளில் வந்த இன்னொரு அட்டவணை) என்ற கேலக்ஸிக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. வெறுமனே "மெஸ்ஸியே தவறு" என்று சொல்லிவிட்டு அவர் போகவில்லை. பிழை எந்தப் படியில் நுழைந்தது என்று காட்டினார். அதனால் அட்டவணை உடையாமல் முழுமையானது.

எம்102-ஐயும் சொல்லிவிடுகிறேன். அதைக் கண்டதாக மெஸ்ஸியேவுக்குத் தெரிவித்தவர் மெஷேன் என்ற சக வானியலாளர். 1783-இல் அவரே கடிதம் எழுதி, அது எம்101-தான், தவறுதலாக இரண்டாம் முறை வந்துவிட்டது என்று அறிவித்தார். அது உண்மையில் என்ஜிசி 5866-ஆக இருக்கலாம் என்று வாதிடுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். கண்டவர் சொல்லிவிட்டாரே என்று யாரும் தேடலை நிறுத்தவில்லை.

ஆக, நாம் படம் போடும்போது தேதி, நேரம், பார்த்த திசை, கருவி, எக்ஸ்போஷர் (கேமரா ஒளியைச் சேர்த்த நேரம்) இவற்றைக் கட்டாயம் எழுத வேண்டும். இது திருத்துபவருக்கு நாம் செய்யும் உதவி. நேரமும் திசையும் இருந்தால் வரைபடச் செயலியில் போட்டு, அது வெள்ளியா வியாழனா, சர்வதேச விண்வெளி நிலையமா என்று உடனே பார்த்துவிடலாம். அவை இல்லாவிட்டால்தான் "இருக்கும், இருக்காது" என்று வாக்குவாதம் நீளும்.

#9 செம்முகில்

படம் எடுப்பவர்கள் சார்பில் ஒன்று. எங்களுக்கு வரும் "திருத்தங்களில்" பாதி திருத்தமே அல்ல, ரசனை.

ஓரியன் நெபுலா என்ற வாயு மேகத்தின் படம் போட்டால் "இது பொய்யான நிறம், நான் தொலைநோக்கியில் பார்த்தபோது சாம்பலாகத்தான் இருந்தது" என்று கட்டாயம் ஒருவர் வருவார். அவர் பார்த்தது உண்மை. மங்கலான ஒளியில் நம் கண்ணுக்கு நிறம் சரியாகப் பிடிபடாது, சிவப்பு சுத்தமாகவே தப்பிவிடும். கேமரா பல நிமிட ஒளியைச் சேர்த்துவைக்கும்போது ஹைட்ரஜனின் 656 நானோமீட்டர் சிவப்பு பதிவாகிறது. அந்தச் சிவப்பும் அங்கே இருக்கிறது. இரண்டு பேரும் சரி. இதைப் பிழை என்று திருத்த வருவது நியாயமில்லை.

நிறச்செறிவு அதிகம், இருள் போதவில்லை, நட்சத்திரத்தைச் சின்னதாக்கியிருக்கலாம் என்பதெல்லாம் கருத்து. நாங்கள் கேட்டிருந்தால் தாராளமாகச் சொல்லுங்கள். கேட்காதபோது "சொல்லலாமா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

#10 துருவன்

செம்முகில், ஒரு எல்லை வேண்டும். இரண்டு வேறு இரவுகளில் எடுத்த நிலவையும் நிலக்காட்சியையும் ஒட்டி, ஒரே படம்போலப் போட்டால் அதைக் கேட்பது ரசனையா? அது உண்மை சார்ந்த கேள்வி. அங்கே நிலவு அன்று அந்த உயரத்தில் இல்லை என்று சொல்ல எனக்கு உரிமை வேண்டும்.

#11 செம்முகில்

நிச்சயமாக. ஒட்டுப்படம் என்றால் அப்படியே எழுதிவிட வேண்டும். எழுதாமல் விட்டவரிடம் கேட்கலாம், ஆனால் கேள்வியாகவே கேளுங்கள். "மோசடி" என்று தொடங்கினால் அவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் பார்ப்பார், விவரம் சொல்ல மாட்டார். "இது ஒரே எக்ஸ்போஷரா, இரண்டா?" என்றால் பெரும்பாலானவர்கள் நேராகப் பதில் சொல்லிவிடுவார்கள்.

#12 அகல்விழி

யாரும் தொடாத ஒன்றை எழுதுகிறேன். ஒருவர் ஏற்கனவே பணம் கொடுத்து வாங்கிவிட்ட கருவியைப் பற்றிய திருத்தம்.

பெட்டியில் 525 மடங்கு என்று போட்டிருக்கும் 60 மில்லிமீட்டர் தொலைநோக்கியை ஒருவர் மகிழ்ச்சியோடு காட்டுகிறார். பயன்தரும் உச்ச உருப்பெருக்கம் முன்வாயின் விட்டத்தில் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் ஏறக்குறைய இரண்டு மடங்குதான். அப்படியென்றால் இதற்கு 120. அதற்கு மேல் போனால் பெரிதாகத் தெரியும், தெளிவு இருக்காது. இதைச் சொல்லாமல் விட்டால் அவர் முதல் இரவே மிக உயர்ந்த உருப்பெருக்கத்தைப் போட்டு, ஒன்றும் தெரியாமல், தனக்குத்தான் பார்க்கத் தெரியவில்லை என்று நினைத்து அதைப் பரணில் ஏற்றிவிடுவார். "ஏமாந்துவிட்டீர்கள், குப்பை" என்றாலும் பரணில்தான் ஏறும்.

நான் இப்படிச் சொல்வேன்: "பெட்டியில் உள்ள எண்ணை மறந்துவிடுங்கள். எண் பெரிதாக உள்ள, அதாவது உருப்பெருக்கம் குறைந்த ஐபீஸை முதலில் போடுங்கள், 20, 25 மி.மீ. போன்றது. நிலவின் பள்ளங்கள், வியாழனின் நான்கு நிலவுகள், சனியின் வளையம் மூன்றும் இதில் தெரியும். வளையம் தெரிய 30 மடங்கே ஏறக்குறையப் போதும்." திருத்தமும் வந்துவிட்டது, இன்றிரவு செய்ய ஒரு வேலையும் வந்துவிட்டது. வாங்கும் முன் கேட்பவரிடம் மட்டும் வேறு மாதிரி, வேண்டாம் என்று உறுதியாகச் சொல்லலாம்.

#13 வளையம்

அகல்விழி அக்கா எழுதியதை அப்படியே புதியவர் வழிகாட்டியில் சேர்க்க வேண்டும்.

திருத்தப்படுபவர் என்ன செய்யலாம் என்றும் பேசுவோம். என் எண்ணத்தில் மிக முக்கியமானது, பழைய பதிவை அழிக்காமல் இருப்பது. பதிவையே நீக்கிவிட்டால் கீழே உள்ள பதில்கள் எல்லாம் எதற்கென்று தெரியாமல் தொங்குகின்றன. நேரம் ஒதுக்கி விளக்கியவரின் உழைப்பும் வீணாகிறது. வாக்கியத்தை மட்டும் சத்தமில்லாமல் மாற்றினால் இன்னும் மோசம், திருத்தியவர் ஏதோ இல்லாததைச் சொன்னதுபோல ஆகிவிடுகிறது. பழைய வரியைக் கோடிட்டு வைத்துவிட்டு, கீழே "திருத்தம்: இது வியாழன். நன்றி" என்று சேர்த்தால் போதும். நீண்ட மன்னிப்பெல்லாம் வேண்டாம். ஆபத்தான அறிவுரை மட்டும் விதிவிலக்கு. அதை மேலே இருந்தே எடுத்துவிட வேண்டும்.

உடன்பாடு இல்லையென்றால் "எனக்கு இன்னும் உறுதியாகவில்லை, நாளை மறுபடி பார்த்துவிட்டு வருகிறேன்" என்று சொல்வதும் நல்ல பதில்தான். அப்படிச் சொன்னவரைத் துரத்தாதீர்கள். வானம் அங்கேயேதான் இருக்கிறது.

#14 மூன்றாம்பிறை

துரத்துவது பற்றிக் கேட்க நினைத்தேன். ஒருவர் விளக்கிவிட்டார், ஆதாரமும் கொடுத்துவிட்டார். மற்றவர் ஏற்கவில்லை. எத்தனை முறை சொல்வது?

#15 கரும்புள்ளி

என் வழக்கம்: ஒரு முறை சொல்வேன். அவர் கேள்வி கேட்டால் இன்னொரு முறை, வேறு விதமாக. அதற்கு மேல் படிப்பவர்கள் முடிவு செய்துகொள்வார்கள். அவரை ஒப்புக்கொள்ளவைப்பது என் வேலை இல்லை. சூரியனும் லேசரும் மட்டும் விலக்கு. விமானம் போகும் பக்கம் பச்சை லேசரை நீட்டுபவரை நான் விடமாட்டேன், நிர்வாகியிடமும் சொல்வேன்.

#16 பழைய அட்டவணை

கரும்புள்ளியோடு பெரும்பாலும் ஒத்துப்போகிறேன். ஆனால் மாறுபடும் விண்மீன்களின் (ஒளி கூடிக் குறையும் விண்மீன்கள்) ஒளி அளவைப் பதிவு செய்பவர்கள் விஷயத்தில் "சொன்னேன், விட்டேன்" என்று போக முடியாது. 1911-இல் தொடங்கிய ஏஏவிஎஸ்ஓ (அமெரிக்க மாறும் விண்மீன் நோக்குநர் சங்கம்) போன்ற அமைப்பில் நம் எண்கள் சேர்கின்றன, ஆய்வாளர்கள் அவற்றை எடுத்துப் பயன்படுத்துகிறார்கள். ஒளியை ஒப்பிட்டு அளக்க உதவும் ஒப்பீட்டு நட்சத்திரத்தை மாற்றிப் பார்த்துத் தொடர்ந்து தவறான அளவு அனுப்புபவரிடம் பொறுமையாக, விண்மீன் வரைபடத்தை வைத்துக்கொண்டு, தீரும்வரை பேசத்தான் வேண்டும். அங்கே தனிச்செய்திதான் சரியான வழி, ஏனென்றால் நீண்ட வேலை அது.

#17 வடமீன்

எல்லோருக்கும் நன்றி. கரும்புள்ளியின் சூரியக் குறிப்பை இன்றே மேலே பொருத்திவைக்கிறேன். அகல்விழி எழுதியதும் புதியவர் வழிகாட்டியில் போகும். படம் போடும் படிவத்தில் நேரம், திசை, கருவி ஆகியவற்றுக்குத் தனி இடம் வைத்து, ஒட்டுப்படமா என்ற கேள்வியையும் சேர்க்கிறேன். "ஏற்கனவே வந்த பதில்களைப் படித்தீர்களா" என்று பதில் பெட்டிக்கு மேல் ஒரு வரி வைக்க முடியுமா என்று பார்க்கிறேன்.

தனிச்செய்தியா பொதுவா என்பதில் துருவன் பக்கம் சாய்கிறேன். ஆனால் முதல் பதிவு போடுபவருக்கு மட்டும் வேறு ஏற்பாடு வேண்டும் என்று இன்னும் தோன்றுகிறது. முதல் பதிவுகளுக்கு நம்மில் இரண்டு மூன்று பேர் மட்டும் பதில் சொல்லும் முறை சரிவருமா? மூன்றாம்பிறை, நீங்களும் அதில் ஒருவராக இருக்க முடியுமா?

வியாழன் படம் போட்டவருக்கு நேற்று எழுதினேன். இன்னும் பதில் இல்லை.

#18 மூன்றாம்பிறை

இருக்கிறேன் அண்ணா. ஆனால் என்னோடு துருவன் அண்ணாவும் இருக்கட்டும், கிரகம் எது என்று எனக்கே சந்தேகம் வரும்போது கேட்க ஆள் வேண்டும். அந்த மாணவரின் சனி பதிவில் இன்னும் 82 என்றே இருக்கிறது. அதை யார் போய்ச் சொல்வது?

#19 வளையம்

நான் போகிறேன். 82 என்று சொன்னவரையும் அழைத்துக்கொண்டு போகிறேன்.